அடி மடிப்பில் ஒரு தேதி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பா பரணில் ஏறினார். மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஏணியின் இடது கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. அதற்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் எல்லாக் கோளாறுக்கும் மடித்த அட்டைதான் மருந்து. ஆடும் மேசை, சரியாக மூடாத ஜன்னல், சத்தம் போடும் மிக்சி, எல்லாம் அட்டையில்தான் நின்றன.

"டார்ச்சை மேல காட்டும்மா."

"காட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ தலையை நகத்து."

"இது பம்ப் பெட்டி. உள்ள என்ன?"

"என் பத்தாங்கிளாஸ் புத்தகம்."

"இன்னுமா வச்சிருக்கே?"

"நீதான் போடக் கூடாதுன்னே."

அப்பா பெட்டியை இறக்கிக் கொடுத்தார். மகள் புத்தகங்களைத் தரையில் அடுக்கிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்தாள். அடி மடிப்பில் நீல மையில் மூன்று குறிகள். 6. 14. பக்கத்தில் ஒரு தேதி. அந்த இடத்தை மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தியால் அறுத்து எடுத்தாள். பின்பக்கம் பென்சிலால் பெட்டியின் நீளம், அகலம், உயரம், உள்ளே என்ன இருந்தது என்று குறித்தாள்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "இருக்கிற பெட்டியை எல்லாம் அறுத்துட்டா சாமானை எங்கங்க வைக்கிறது?"

"வேற பெட்டி கொண்டு வரேன்."

"அப்படியே நேரா அச்சடிச்ச பெட்டியா ஒண்ணு கொண்டு வாங்க. தலைகீழ் அம்புக்குறியைப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்தே கோணிப்போச்சு."

மதியத்துக்குள் பதினொரு துண்டுகள் சேர்ந்தன. வருஷத்துக்கு ஒன்றாவது இருந்தது, சில வருஷத்துக்கு இரண்டு. ஒன்பது வருஷத்தில் இடைவெளி எங்கும் இல்லை. மகள் தேதி வாரியாக அடுக்கினாள். பரணின் மூலையில் கடைசியாக இருந்த ஒரு சின்னப் பெட்டியை அப்பா கீழே தரவில்லை. மேலேயே உட்கார்ந்து அறுத்து, துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அது என்னப்பா?"

"இது வேற."

அவள் மேலே கேட்கவில்லை. பசி நேரம். அம்மா சோறு ஆறுகிறது என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று.

அப்பாவும் மகளும் சேர்ந்து இருந்த கடைசி ஞாயிறு அது. தெரிந்திருந்தால் அவள் இன்னும் மெதுவாக அறுத்திருப்பாள்.

அப்பாவுக்கு வேலை அட்டைப்பெட்டி கம்பெனியில். அட்டையை அளவாக வெட்டி, மடிக்க வேண்டிய இடத்தில் கோடு போடும் மெஷின் அவருடையது. அவருடைய நம்பர் 6. வெட்டிய அட்டை பசை மேசைக்குப் போகும். அங்கே ஓரத்தில் பசை தடவி ஒட்டுகிறவர் 14. எல்லாப் பெட்டியின் அடி மடிப்பிலும் வெட்டியவர் நம்பர், ஒட்டியவர் நம்பர், தேதி மூன்றையும் ரப்பர் ஸ்டாம்பால் குத்தியாக வேண்டும். வாங்கியவர் கையில் பெட்டி பிரிந்தால் யார் கழுத்தைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அச்சு கோணலாக வந்த பெட்டிகளை வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அப்பா வேண்டியவர். மகளுடைய பொம்மை, புத்தகம், கவுன், எல்லாமே பிஸ்கட் பெட்டியிலும் பம்ப் பெட்டியிலும்தான் வளர்ந்தன.

14 என்பது ஒரு பெண். அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவாள். அதனால் மகளுக்கு அவள் அத்தை. வீட்டில் அவள் பெயரே பசை அத்தை. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெள்ளையாக இருக்கும். பேசும்போது உரித்துக்கொண்டே இருப்பாள்.

அந்தக் கம்பெனியில் சங்கம் கிடையாது. இரண்டு முறை பேச்சு எழுந்தது. இரண்டு முறையும் டீ குடித்து முடிப்பதற்குள் அடங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்ததற்கு யாருக்கும் கடிதமும் கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் இருந்தது. வருஷத்தில் ஒரு நாள் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். அன்றோடு எல்லாருடைய வேலையும் முடிந்தது என்று ஆபீஸ் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். மறுநாள் அதே ஆட்கள் புதிதாகச் சேர்ந்ததாக வேறு ரிஜிஸ்டரில், வேறு நம்பரில் எழுதுவார்கள். அந்தக் காகிதங்களை நம்பினால், அங்கே யாருமே ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்ததில்லை. அந்த மறுநாளுக்கு ஆட்கள் வைத்த பெயர் பிறந்த நாள்.

"பொறந்த நாள் வாழ்த்துக்கள் அண்ணே."

"உனக்கும்தான் தங்கச்சி. எத்தனாவது?"

"ஒன்பதாவது. உங்களுக்கு?"

"இருபத்திரண்டு. இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கலை."

புது நம்பரெல்லாம் ஆபீஸ் அறைக்குள் மட்டும்தான். வருஷா வருஷம் ஆளுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் புதிதாகச் செய்ய ஆபீசில் யாரும் மெனக்கெடவில்லை. மெஷின் பக்கம் 6 என்றால் 6-தான், 14 என்றால் 14-தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் குமாஸ்தா அப்பா முன்னால் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாராம். கீழே ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. "இங்க போடுங்க." அப்பா போட்டார். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், சாப்பிட உட்கார்ந்தால் திடீரென்று கேட்பார்.

"என் கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருப்பாங்க?"

"நல்லவர் வல்லவர்னு எழுதியிருப்பாங்க. சாப்பிடுங்க," என்பாள் அம்மா.

மகள் படித்தது கருவிகள் பற்றிய படிப்பு. கிடைத்த வேலை தராசு சரிபார்ப்பது. மில், ஆலை, குடோன் என்று போய், எடைக்கற்களை வைத்து, தராசு எத்தனை கிராம் பொய் சொல்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவளுக்கு வந்த வேலைக் கடிதம் நான்கு பக்கம். அப்பா கையைக் கழுவி, துடைத்து, அதை வாங்கினார். இரண்டு தடவை நின்றபடி படித்தார். மூன்றாவது தடவை உட்கார்ந்தார்.

"நீ என்னிக்குச் சேரணும்னு தேதி போட்டிருக்கு."

"எல்லா லெட்டர்லயும் போடுவாங்கப்பா."

அப்பா கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். எல்லா லெட்டரிலும் என்று சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கு இப்போது தோன்றுகிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். "இதை ஒரு நகல் எடுத்துத் தரியா?"

"உனக்கு எதுக்கு?"

"சும்மா. இருக்கட்டும்."

மூக்குக் கண்ணாடிச் சீட்டும் வாடகைப் பத்திரமும் இருந்த பிளாஸ்டிக் உறையில் அந்த நகலும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் நூலகத்தின் சுவரில் ஒரு அறிவிப்பு. சங்கம் இல்லாத இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு வேலைச் சட்டத்தின் அடிப்படை, ஆறு ஞாயிறு மாலை, மாடி அறையில், கட்டணம் இல்லை. மகள் அதை வீட்டில் சொன்னாள். அப்பா கேட்காத மாதிரி இருந்தார். ஞாயிறு மாலை தலை சீவிக்கொண்டு, புது நோட்டோடு நின்றார்.

வகுப்பில் ஏழு பேர். ஒரு காவலாளி. ஒரு வேன் டிரைவர். பள்ளிக்கூடத்தில் பெருக்கும் அம்மா ஒருவர். துணிக்கடையில் விற்பனை பார்க்கும் பெண் ஒருத்தி வகுப்பு முழுவதும் சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னால், "பழக்கமில்லை மேடம், உட்கார்ந்தா தூக்கம் வந்துடும்," என்றாள். மற்றவர்கள் பெயரே கேட்காமல் பழகிவிட்டார்கள். பாடம் எடுத்த வக்கீலம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, யாரிடம் வேலைக் கடிதம் இருக்கிறது என்பது. ஒரு கையும் எழவில்லை.

"என்கிட்ட யூனிபார்ம் இருக்கு மேடம்," என்றார் காவலாளி.

எல்லாரும் சிரித்தார்கள். வக்கீலம்மா சிரிக்கவில்லை. "அதுவும் சாட்சிதான். கடிதம் இல்லைன்னா நீங்க வேலைக்காரர் இல்லைன்னு ஆயிடாது. வேலை பாத்தீங்களா, அவங்க சொன்ன நேரத்துல, அவங்க சொன்னபடி பாத்தீங்களா, அதுதான் கேள்வி. போட்டோ, கேட் பாஸ், போன்ல வந்த மெசேஜ், எது அதைக் காட்டினாலும் எடுத்து வைங்க."

அப்பா அதை நோட்டில் எழுதினார். அவருடைய எழுத்து பெரியது, பக்கத்துக்கு எட்டு வரிதான் வரும். அந்த ஆறு வாரத்தில் அவர் எழுதியது முப்பத்தொரு பக்கம். மகள் பிறகு எண்ணிப் பார்த்தாள். சங்கம் இல்லாத இடத்திலும் சட்டம் உண்டு. இரண்டு பேர் சேர்ந்து போய்க் கேட்டால் அதற்காகவே யாரையும் நிறுத்தக் கூடாது. வாயால் போ என்றால் போக வேண்டாம், காரணத்தை எழுத்தில் கேள். ஒரு நாள் இடைவெளி விட்டுத் திரும்பச் சேர்த்தால் பழைய வருஷங்கள் செத்துவிடாது, ஆனால் அவை இருந்தன என்று காட்ட வேண்டும். எந்த ஆபீசில் எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்கு.

மூன்றாவது வாரம் அப்பா கை தூக்கினார். "மேடம், வெள்ளைத் தாள்ல கையெழுத்து போட்டிருந்தா?"

"யாரு போட்டது?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

"எப்ப?"

"அது ஆச்சு, இருபத்திரண்டு வருஷம்."

வக்கீலம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "அந்தத் தெரிஞ்சவர்கிட்ட சொல்லுங்க, அதை நெனச்சு இப்ப பயப்பட வேண்டாம். இனிமே எழுதி முடிக்காத எதுலயும் போட வேண்டாம். முக்கியமான தாள்னா வாங்குறவர் கண் முன்னாடி போடச் சொல்லுங்க."

கடைசி வரியை அப்பா இரண்டு தடவை அடிக்கோடிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. ரசத்தில் உப்பு இல்லை என்று மகள் சொன்னால், "எழுத்துல குடு," என்றார். வீட்டுக்காரர் மொட்டை மாடியில் துணி காயப் போடக் கூடாது என்றதற்கும் அதே பதில். கம்பெனியில் சூப்பர்வைசர் ஒரு சனிக்கிழமை வந்து, நாளைக்கும் எல்லாரும் வர வேண்டும் என்றார்.

"எழுத்துல குடுங்க சார்."

"என்னய்யா, இது என்ன கோர்ட்டா?"

"இல்லை சார். அதான் எழுத்துல கேக்கறேன்."

எழுத யாரும் முன்வரவில்லை. அந்த ஞாயிறு எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். திங்கட்கிழமை அவருக்குப் புதுப் பெயர் வந்துவிட்டது. எழுத்துல அண்ணன்.

ஐந்தாவது வகுப்பு முடிந்த வாரம் பசை அத்தையைக் கேட்டில் நிறுத்தினார்கள். அவளுடைய அம்மாவுக்கு ஆபரேஷன். சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டுப் பதினொரு நாள் போயிருந்தாள். பன்னிரண்டாவது நாள் வாட்ச்மேன் குறுக்கே நின்றார்.

"உள்ள விட வேண்டாம்னு சொல்லியிருக்காங்கம்மா."

"யாரு சொன்னது?"

"சொல்லியிருக்காங்க."

அவள் சாப்பாட்டு நேரம் வரை வெயிலில் நின்றாள். அப்பா தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். கம்பிக்கு உள்ளே அவரும் வெளியே அவளுமாகச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் வீட்டு மேசையில் உட்கார்ந்து காரணம் கேட்டு ஒரு கடிதம் எழுதினார்கள். நான்கு நாளில் பதில் வந்தது. ஒரே வரி. இவர் ஏழு மாதமாக வேலை பார்த்த தற்காலிக ஆள், காரணம் சொல்லத் தேவையில்லை.

"எழுத்துல குடுத்துட்டான்," என்றார் அப்பா. அவர் முகத்தில் கிட்டத்தட்ட சந்தோஷம்.

"எனக்கு வேலை போச்சுண்ணே," என்றாள் பசை அத்தை.

கடைசி வகுப்புக்கு அவளையும் கூட்டிப் போனார். வக்கீலம்மா அந்த ஒரு வரியைப் படித்தார். "ஒன்பது வருஷம்னு காட்டிட்டா அவங்க காரணம் சொல்லியே ஆகணும். இவங்க தரப்பைக் கேக்காம அனுப்ப முடியாது. ஏழு மாசம்தான்னு ஆயிட்டா, நாம எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொழிலாளர் ஆபீஸ்ல மனுவைக் குடுங்க. ஆதாரம் குடுக்க நாள் குறிப்பாங்க. ஆனா எதைக் காட்டுவீங்க?"

பசை அத்தையிடம் ஒன்றும் இல்லை. போட்டோ இல்லை. கேட் பாஸ் வருஷா வருஷம் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அவள் விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அன்று உரிக்க அதில் பசைகூட இல்லை.

மனு கொடுத்தார்கள். ஆதாரத்துக்குக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை என்று ஆபீசில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வாரம் ஒரு மாலை அப்பா வேலை முடிந்து வந்து, வாசலில் ஒரு செருப்பைக் கழற்றினார். செருப்பு போடும் பெட்டி காலில் இடறிக் கவிழ்ந்தது. அதை நிமிர்த்தக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பதறிப் போய் ஓடி வந்தாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

அவர் ஒரு காலில் செருப்போடு, பெட்டியின் அடியைக் காட்டினார். 6. 14. நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"இந்த வீடே சாட்சிடி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறியது அதற்காகத்தான்.

அன்று மாலை அப்பா சாட்சி வாக்குமூலம் எழுதினார். மகள் பதினொரு துண்டுகளுக்கும் ஒரு அட்டவணை போட்டாள். தேதி, அளவு, எந்தப் பொருளுக்கான பெட்டி, வீட்டில் எதற்குப் பயன்பட்டது. அம்மா கதவோரம் நின்றாள்.

"உங்க பேரைப் போட்டா உங்களையும் நிறுத்த மாட்டாங்களா?"

"இரண்டு பேர் சேந்து போனா..."

"அது உங்க நோட்டுல இருக்கு. மேனேஜர்கிட்ட இருக்கா?"

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். "ஒன்பது வருஷம் என் பக்கத்துல நின்னவ. நான் வெட்டினதை அவ ஒட்டினா. அவ இல்லவே இல்லைன்னு எழுதினா, நான் மட்டும் எப்படி இருந்தேன்னு ஆகும்?"

அம்மா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. அதுதான் சம்மதம்.

எழுதி முடித்ததை அப்பா மூன்று தடவை படித்தார். மகள் பேனாவை நீட்டினாள். "கையெழுத்து?"

"ஆபீசர் முன்னாடி போடுறேன்."

"இப்பவே போட்டா என்ன?"

"வாங்குறவர் கண் முன்னாடி," என்றார். உறைக்குள் வைத்துப் பையில் போட்டார். புதன்கிழமை அரை நாள் விடுப்பு. அதையும் சூப்பர்வைசரிடம் எழுத்தில் வாங்கியிருந்தார். மார்க் ஷீட் காட்டும் பிள்ளை மாதிரி எல்லாருக்கும் காட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, மெஷினைத் தொடுவதற்கு முன் கை கழுவப் போன இடத்தில் விழுந்தார். குழாய் திறந்தபடியே இருந்தது என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மகள் அப்போது ஒரு மாவு மில்லில், இருபது கிலோ கல்லைத் தராசின் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மூலையில் போன் வந்தது. நான்காவது மூலையை வேறு யாரோ பார்த்து முடித்தார்கள்.

அவருடைய பையை வாட்ச்மேன் கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். பசை அத்தை மூன்று நாளும் வீட்டில்தான் இருந்தாள். வந்தவர்களுக்கு டம்ளர் கழுவினாள். அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்தாள். உறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பை ஆணியில் தொங்கியது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். அவள் பார்க்காததை மகள் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மகள் பையை இறக்கினாள்.

"அத்தை, இன்னிக்குக் கடைசி நாள்."

"தெரியும்மா."

"ஏன் கேக்கலை?"

"எப்படிம்மா கேப்பேன்? எனக்குப் போனது வேலை."

அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். மூன்று நாளில் அவள் முழுதாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். "போயிட்டு வா. இல்லைன்னா அந்த மனுஷன் ஏணியில ஏறினது எதுக்கு?"

தொழிலாளர் ஆபீசில் ஜன்னலுக்கு முன்னால் எட்டுப் பேர் வரிசை. மகள் முறை வந்தபோது குமாஸ்தா உறையைப் பிரித்தார். அட்டைத் துண்டுகளைப் பார்த்து, இவள் முகத்தையும் பார்த்தார். வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"கையெழுத்து இல்லையே."

"உங்க முன்னாடி போடணும்னு வச்சிருந்தார்."

"வரச் சொல்லுங்க."

"செவ்வாய்க்கிழமை இறந்துட்டார் சார்."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். "இது அப்படியே செல்லாதும்மா. நீங்க யாரு?"

"மகள். இந்தப் பெட்டிங்க எங்க வீட்டுல இருந்தது. எந்தப் பெட்டி எந்த வருஷம் வந்ததுன்னு எனக்குத் தெரியும். இது என் பத்தாங்கிளாஸ் புத்தகம் வச்சது. அட்டவணையில இருக்கு."

"அப்ப நீங்க எழுதிக் குடுங்க. அதோ மேசை."

அவள் போய் எழுதினாள். ஒன்றே கால் பக்கம். அளவுகளை நிறுத்தாமல் எழுதினாள். என் அப்பா என்று எழுத வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு தடவை பேனாவை எடுத்தாள். திரும்ப வந்து, குமாஸ்தாவின் கண் முன்னால் கையெழுத்துப் போட்டாள். நகலை நீட்டினாள். கேட்பதற்கு முன்பே அவர் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்து அந்த நகலைப் போனில் படம் எடுத்தாள். அனுப்புவதற்காக அப்பாவின் நம்பரைத் திறந்தாள். அவர் கடைசியாக அனுப்பியிருந்தது, சனிக்கிழமை மாலை. டார்ச் பேட்டரி 2. அதைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸை விட்டாள். அடுத்த பஸ்ஸையும் விட்டாள்.

விசாரணை இரண்டு தடவை நடந்தது. இரண்டாவது தடவை மேனேஜர் ஒரு வாதம் வைத்தார். ரப்பர் ஸ்டாம்ப் ஆள் மாறி ஆள் கைக்குப் போகும், 14 என்றால் யாராகவும் இருக்கலாம்.

"சரி," என்றார் அதிகாரி. "அப்ப இந்த ஒன்பது வருஷத்துல இவங்க இல்லாம வேற யாரு 14? ஒரே ஒரு பேர் சொல்லுங்க."

மேனேஜர் பைலைப் புரட்டினார். பக்கங்கள் தீரும்வரை புரட்டினார். மூன்றாவது விசாரணைக்கு முன்பே கம்பெனியிலிருந்து ஆள் வந்து பசை அத்தையிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனான். வேலைக்குத் திரும்பலாம். வேலையில் சேர்ந்த நாள் என்று ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு தேதி போட்டிருந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தாள். நகல் ஒன்றும் எடுத்து வந்திருந்தாள்.

"அண்ணன் ஒரு உறையில எல்லாம் வச்சிருப்பாரே, அதுல இதையும் வைம்மா."

மகள் பிளாஸ்டிக் உறையைத் தேடி எடுத்தாள். கண்ணாடிச் சீட்டு, வாடகைப் பத்திரம், அவளுடைய வேலைக் கடிதத்தின் நகல். மடித்த இடத்தில் அது நைந்திருந்தது. எத்தனை தடவை பிரித்துப் படித்தாரோ. அதற்குள் ஒரு அட்டைத் துண்டு. பரணிலிருந்து அவர் கீழே தராத சின்னப் பெட்டியின் அடி மடிப்பு. அதில் 6 இருந்தது. 14 இல்லை, 14 அப்போது வரவில்லை. 9 என்று யாரோ. தேதி, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தையது.

துண்டோடு சேர்த்து ஒரு தாளைக் குத்தியிருந்தார். பெரிய எழுத்து, ஏழு வரி. மேலாளர் அவர்களுக்கு. நான் தங்கள் கம்பெனியில் வெட்டும் மெஷினில் வேலை பார்க்கிறேன். நான் வேலையில் சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். இதோடு இருக்கும் அட்டை என் மெஷினில் வெட்டியது. மேலே ஓரத்தில் பென்சிலால் தனக்காகக் குறித்திருந்தார். 14 கேஸ் முடிஞ்சதும் குடுக்கணும். நகல்ல முத்திரை.

"என்னம்மா அது?" என்றாள் பசை அத்தை.

மகள் தாளை அவளிடம் நீட்டினாள். கீழே, கையெழுத்துக்கு விட்ட இடத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது.